பழைய ரிதம் அண்ட் ப்ளூஸ் மேடை வழியாகத் திரும்பி வந்தது எப்படி?

கேள்வி இதுதான்: "இன்றைக்கு ஆர் அண்ட் பி என்ற பெயரில் காதில் விழுவது மெல்லிய பாப் பாட்டாக இருக்கிறது. 1950-களின் ரிதம் அண்ட் ப்ளூஸ் செத்துப்போய், அப்புறம் மேடைக் கச்சேரிகளால்தான் உயிர்பெற்றது என்று நண்பர் சொல்கிறார். உண்மையா? நான் எதிலிருந்து கேட்கத் தொடங்குவது?"

நண்பர் சொன்னது முக்கால்வாசி சரி. செத்துப்போனது என்பது மட்டும் கொஞ்சம் மிகை. பாடியவர்களும் வாசித்தவர்களும் பெரும்பாலும் உயிரோடுதான் இருந்தார்கள். வாசிக்க இடம் இல்லாமல் போயிற்று, சம்பளம் நின்றுபோயிற்று, ஆளுக்கொரு திசையில் பிழைப்பைத் தேடிப் போய்விட்டார்கள். அவர்களை மறுபடி ஒரே மேடையில் ஏற்றியதுதான் பின்னால் நடந்தது. என் கருத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய பாடகரைத் தேடிக் கண்டுபிடிப்பது இதில் சின்ன வேலை. அவருக்குப் பின்னால் நின்று சரியாக வாசிக்கத் தெரிந்த ஒரு குழு எங்கெல்லாம் அமைந்ததோ அங்கெல்லாம் இந்த இசை நிமிர்ந்தது. அமையாத இடத்தில் பழைய நினைவுகளை விற்கும் நிகழ்ச்சியாகச் சுருங்கிப்போனது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பதினைந்து இருபது பேர் கொண்ட ஸ்விங் (நடனத்துக்கான ஜாஸ்) குழுக்களுக்குச் சம்பளம் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. ஏழெட்டுப் பேராகச் சுருங்கினார்கள். ஆள் குறைந்ததை ஈடுகட்ட சாக்ஸபோன் உரக்க ஊதியது, டிரம்ஸ் அடி அழுத்தமானது, பாடகர் கத்திப் பாடினார். வந்தவர்கள் ஆட வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். பில்போர்டு என்ற அமெரிக்க இசைப் பத்திரிகை இந்த இசையின் விற்பனைப் பட்டியலுக்கு 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' என்று பெயர் வைத்தது 1949 ஜூனில். அதற்கு முன் கறுப்பினத்தவர் இசைத்தட்டுகள் 'இனத் தட்டுகள்' என்ற தலைப்பில் தனியாகக் கிடந்தன. புதுப் பெயரைத் தந்தவர் அப்போது அந்தப் பத்திரிகையில் நிருபராக இருந்த ஜெர்ரி வெக்ஸ்லர். பின்னாளில் அவரே அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்தில் சேர்ந்து இந்த இசையின் பெரிய தயாரிப்பாளர்களில் ஒருவரானார்.

அமெரிக்கா முழுவதையும் சொல்லி முடியாது. நியூ ஆர்லியன்ஸ் ஒரு ஊரை எடுத்துக்கொள்வோம், கதை அங்கேதான் தெளிவாகத் தெரிகிறது. ராம்பார்ட் தெருவில் காசிமோ மத்தாஸாவின் சின்ன ஸ்டுடியோ. 1949 டிசம்பரில் பாடகரும் பியானோக்காரருமான ஃபேட்ஸ் டாமினோ தன் முதல் தட்டைப் பதிவு செய்தது அங்கேதான். பகலில் அங்கே வாசித்த அதே ஆட்கள் இரவில் கிளப்புகளில் வாசித்தார்கள். லசால் தெருவிலிருந்த டியூ டிராப் இன் அந்தக் கிளப்புகளில் பெரியது. ஹோட்டல், சாப்பாட்டுக் கடை, முடிதிருத்தகம், இரவு விடுதி எல்லாம் ஒரே கூரையின் கீழ். 1955 செப்டம்பரில் பாடகர் லிட்டில் ரிச்சர்டின் பதிவு சரியாக அமையாமல் இழுத்துக்கொண்டே போனபோது, நடுவில் இந்த டியூ டிராப்புக்குப் போனார்கள். அங்கிருந்த பியானோவைக் கண்டதும் ரிச்சர்ட் உட்கார்ந்து, கிளப்புகளில் மட்டும் பாடிவந்த ஒரு பச்சையான பாட்டை எடுத்துவிட்டார். தயாரிப்பாளருக்குப் பொறி தட்டியது. வரிகளைக் கழுவித் துடைத்து அன்றைக்கே பதிவு செய்த அந்தப் பாட்டுதான் 'டூட்டி ஃப்ரூட்டி'. ஸ்டுடியோவில் வராத பாட்டு மேடையைக் கண்டதும் வந்தது. இந்த இசை பிறந்ததே அந்த இடத்தில்தான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

1960-களின் நடுவில் எல்லாம் ஒன்றாகச் சரிந்தது. 1964-ல் பீட்டில்ஸ் வந்து வானொலியைப் பிடித்துக்கொண்டார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது ஒரு பகுதிதான். கிளெய்போர்ன் அவென்யூவில் ஓக் மரங்கள் நின்ற கறுப்பின வணிகத் தெருவை அழித்து அதன் மேல் நெடுஞ்சாலைப் பாலம் கட்டினார்கள். இனப்பிரிவினைச் சட்டங்கள் ஒழிந்தன. அது நல்லதுதான், ஆனால் கறுப்பின மக்களுக்கு மட்டுமே என்றிருந்த கிளப்புகளின் வாடிக்கையாளர்கள் அதனாலேயே நாலா பக்கமும் சிதறினார்கள். டியூ டிராப் உரிமையாளர் ஃபிராங்க் பெய்னியா இதில் ஒரு விசித்திரமான உதாரணம். 1952-ல் ஒரு வெள்ளைக்கார நடிகர் அங்கே வந்து உட்கார்ந்ததற்காகப் போலீஸ் அவரையும் பெய்னியாவையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு போனது. 1964-ல் அந்தச் சட்டத்தையே எதிர்த்து பெய்னியா வழக்குப் போட்டார். சட்டம் போனது, கொஞ்ச காலத்தில் கிளப்பும் போனது.

இனி ஹென்றி ரோலண்ட் பேர்டுக்கு வருவோம். மேடைப் பெயர் புரொஃபசர் லாங்ஹேர். 1918-ல் பிறந்தவர், சிறுவயதில் தெருவில் ஆடிக் காசு வாங்கியவர். இடது கையில் கியூபாவின் ரும்பா தாளம், வலது கையில் உருண்டோடும் ப்ளூஸ், அதற்கு மேல் விசில். வாசிக்கும்போது பியானோவின் கீழ்ப்பலகையைக் காலால் உதைத்து டிரம்ஸ் போலத் தாளம் போடுவார். நல்ல பியானோ வைத்திருந்தவர்கள் எல்லாம் அவரைக் கண்டு பயந்ததில் வியப்பில்லை. ஃபேட்ஸ் டாமினோ, ஆலன் டூசான்ட், டாக்டர் ஜான் என்று அந்த ஊரின் பியானோக்காரர்கள் எல்லோரும் அவரைக் கேட்டு வளர்ந்தவர்கள். ஆனால் தேசிய ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் அவர் பாட்டு ஏறியது 1950-ல் ஒரே ஒரு முறை. மார்டி கிரா திருவிழா வந்தால் ஊர் முழுக்க ஒலிப்பது அவர் பாட்டுத்தான். அதே ஊரில் அவர் சீட்டாடியும் ஒரு இசைத்தட்டுக் கடையைப் பெருக்கியும் பிழைத்துக்கொண்டிருந்தார்.

1970-ல் கச்சேரி அமைப்பாளர் ஜார்ஜ் வெய்ன் நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் அண்ட் ஹெரிட்டேஜ் திருவிழாவைத் தொடங்கினார். டியூக் எலிங்டனும் மகாலியா ஜாக்சனும் வந்த அந்த முதல் ஆண்டில் காங்கோ சதுக்கத்துக்கு வந்த கூட்டம் சுமார் 350 பேர். மேடையேறியவர்களைக் கணக்கெடுத்தால் அதைவிட அதிகம் வரும். திருவிழா வேலையில் இருந்த குவிண்ட் டேவிஸ் என்ற இளைஞர், லாங்ஹேர் எங்கே இருக்கிறார் என்று தேடிப் போய் அந்தக் கடையில் பிடித்தார். உடம்பு மெலிந்து, நடப்பதற்கே தடுமாறும் நிலை. 1971 திருவிழாவில் மேடையேற்றினார்கள். பக்கத்தில் கிட்டாருடன் ஸ்னூக்ஸ் ஈக்ளின், பார்வையற்றவர், எந்தப் பாட்டைச் சொன்னாலும் வாசிப்பார் என்று பெயர் வாங்கியவர். லாங்ஹேர் வாசிக்கத் தொடங்கியதும் மற்ற மேடைகளில் இருந்தவர்கள்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் வந்தார்கள் என்று டேவிஸ் பின்னாளில் சொல்லிவந்தார். இதில் கொஞ்சம் மசாலா சேர்ந்திருக்கலாம், எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. அடுத்த சில ஆண்டுகளில் லாங்ஹேர் ஐரோப்பாவில் வாசித்தார். 1975-ல் பால் மெக்கார்ட்னி குயின் மேரி கப்பலில் கொடுத்த விருந்துக்கு இவரைக் கூப்பிட்டார்.

திருவிழா என்பது வருடத்துக்குச் சில நாள். மீதி நாளுக்கு என்ன செய்வது? 1977 ஜனவரியில் சில ரசிகர்கள் சேர்ந்து, நெப்போலியன் அவென்யூவும் சாப்பிடூலஸ் தெருவும் சந்திக்கும் மூலையில் ஒரு பழைய கட்டடத்தைப் பிடித்து டிப்பிட்டினாஸ் என்ற கிளப்பைத் திறந்தார்கள். லாங்ஹேரின் 1953 பாட்டின் பெயரையே வைத்தார்கள். கடைசிக் காலத்தில் அவர் வாசிப்பதற்கென்றே ஒரு வீடு. இந்த ஒரு காரியம் பத்துத் திருவிழாவுக்குச் சமம் என்பேன். வாரா வாரம் மேடை இருந்தால்தான் குழு கலையாமல் இருக்கும். இளைய டிரம்மர் ஒருவர் முன்வரிசையில் நின்று கையைப் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியும். லாங்ஹேர் 1980 ஜனவரியில், புதுத் தட்டு ஒன்று வெளியாகவிருந்த நேரத்தில் இறந்தார். கிளப் நடுவில் இரண்டு வருடம் மூடிக் கிடந்து மறுபடி திறந்தது. 2018-ல் அதை விலைக்கு வாங்கியவர்கள் கலாக்டிக் என்ற உள்ளூர் இசைக்குழுவினர். இன்றும் உள்ளே நுழைந்தால் லாங்ஹேரின் வெண்கலத் தலை நிற்கிறது. போகிற வருகிறவர்கள் தொட்டுவிட்டுப் போகிறார்கள்.

நான் குழு, குழு என்று சொல்வதற்குக் காரணம் ராக் அண்ட் ரோல் பாடகர் சக் பெர்ரி. அவர் பல காலம் கிட்டாரை மட்டும் எடுத்துக்கொண்டு தனியாக ஊருக்கு வருவார். அந்தந்த ஊரில் கிடைத்த ஆட்களே பின்னால் வாசிப்பார்கள். ஒத்திகை கிடையாது, என்ன பாட்டு என்றுகூடச் சொல்லமாட்டார். 1973-ல் அப்படி ஒருநாள் பின்னால் வாசித்தவர்களில் அப்போது பெரிய பெயர் வாங்காத புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனும் ஒருவர். செலவு மிச்சம், ஆனால் பல இரவுகள் சொதப்பலாகப் போயின. நம்மூரில் மிருதங்கக்காரர் யார் என்று கேட்காமல் சபா டிக்கெட் வாங்காதவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ரிதம் அண்ட் ப்ளூஸில் பாடகர் பாதிதான். டிரம்ஸும் பேஸும் அரை இழை தள்ளிப்போனால் ஆட வந்தவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள்.

பழைய கலைஞர்கள் ஏன் மேடையையே நம்ப வேண்டியிருந்தது என்பதற்குப் பணக்காரணமும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. அமெரிக்காவில் சாதாரண வானொலியில் ஒரு பாட்டு ஒலித்தால் எழுதியவருக்குக் காசு போகும். பாடியவருக்கும் வாசித்தவருக்கும் ஒன்றும் போகாது. தட்டுக்கான உரிமைத்தொகையையும் பல நிறுவனங்கள் ஸ்டுடியோ செலவு, முன்பணம் என்று பற்று எழுதியே தீர்த்துவிட்டன. ரூத் பிரவுன் 1950-களில் அட்லாண்டிக்குக்கு வரிசையாக வெற்றிகளைத் தந்தவர், அந்த நிறுவனத்தையே 'ரூத் கட்டிய வீடு' என்பார்கள். 1960-களில் அவர் வீட்டுவேலை செய்தார், பள்ளிப் பேருந்து ஓட்டினார். 1970-களின் நடுவில் நகைச்சுவை நடிகர் ரெட் ஃபாக்ஸ் உதவியால் மேடைக்குத் திரும்பினார். 1989-ல் பிராட்வேயில் டோனி விருது வாங்கினார். கூடவே வழக்கறிஞர் ஒருவரைப் பிடித்து உரிமைத்தொகைக்காகப் பல ஆண்டுகள் மல்லுக்கட்டினார். அதன் பலனாகத்தான் 1988-ல் அட்லாண்டிக் பல பழைய கலைஞர்களின் கணக்கைத் திருத்தியது; ரிதம் அண்ட் ப்ளூஸ் ஃபவுண்டேஷனும் அதே சமயத்தில் பிறந்தது. மேடையில் மறுபடி பெயர் வந்ததால்தான் அவர் பேச்சு எடுபட்டது.

2002-ல் நியூ ஆர்லியன்ஸிலேயே இன்னொரு விஷயம் தொடங்கியது. ஐரா பாட்னோஸ் என்ற மயக்க மருந்து நிபுணர், எல்லோரும் டாக்டர் ஐக் என்பார்கள், பாண்டரோசா ஸ்டாம்ப் என்ற விழாவை நடத்த ஆரம்பித்தார். பிரபலங்களை அவர் தேடவில்லை. 1960-ல் ஒரு நல்ல தட்டு போட்டுவிட்டுக் காணாமல் போனவர், ஸ்டுடியோவில் பெயர் தெரியாமல் கிட்டார் வாசித்தவர், இப்படிப்பட்டவர்களைக் கூப்பிட்டார். விழாவின் வடிவம் பழைய ரெவ்யூ முறைதான்: ஒரு குழு மேடையிலேயே நிற்கும், பாடகர்கள் ஒவ்வொருவராக வந்து சில பாட்டுப் பாடிவிட்டு இறங்குவார்கள். லில் பக் சினெகல் என்ற லூசியானா கிட்டார்காரரின் குழு அப்படிப் பல பாடகர்களுக்கு வாசித்தது. நாற்பது வருடத்துக்கு முந்தைய தட்டில் இருக்கும் அதே ஹார்ன் வரியை அதே இடத்தில் வாசித்தார்கள். எழுபதைத் தாண்டிய ஒருவர் தயங்கித் தயங்கி மேடைக்கு வருவார். பழகிய அந்த முன்னிசை பின்னாலிருந்து எழும். அப்புறம் அவருக்கு யாரும் எதையும் நினைவூட்டத் தேவையிருக்காது.

2005 கத்ரீனா புயலில் பல கலைஞர்களின் வீடுகள் மூழ்கின. ஃபேட்ஸ் டாமினோவைப் படகில் மீட்டார்கள். 2007 மே மாதம் அவர் டிப்பிட்டினாஸில் வந்து வாசித்தார். ஆலன் டூசான்டுக்கு இதில் எதிர்பாராத திருப்பம். ஆயுள் முழுக்கத் திரைக்குப் பின்னால் இருந்து மற்றவர்களுக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தவர், புயலுக்குப் பின் நியூயார்க் போய் ஜோஸ் பப் என்ற சிறிய அரங்கில் தனியாகப் பியானோவில் உட்கார்ந்து பாடத் தொடங்கினார். அறுபத்தேழு வயதில் மேடைக் கலைஞரானார். 2015-ல் மாட்ரிடில் கச்சேரி முடித்த அன்றிரவே இறந்தார். ஐர்மா தாமஸ் கதை வேறு ரகம். 1964-ல் அவர் பாடிய 'டைம் இஸ் ஆன் மை சைட்' பாட்டை ரோலிங் ஸ்டோன்ஸ் எடுத்துப் பாடிப் பெரிய வெற்றியாக்கினார்கள். இவர் பாடினால் ஸ்டோன்ஸ் பாட்டைப் பாடுகிறார் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். வெறுத்துப்போய்ப் பல வருடம் அதைப் பாடாமலே இருந்தார். 2024 மே 2-ஆம் தேதி, அதே நியூ ஆர்லியன்ஸ் திருவிழாவில், ஸ்டோன்ஸ் அவரை மேடைக்கு அழைத்துச் சேர்ந்து பாடினார்கள். அறுபது வருடம் தாமதம், ஆனாலும் நடந்ததே. டியூ டிராப் கிளப்பும் அதே ஆண்டுதான் மறுபடி திறந்தது.

நியூ ஆர்லியன்ஸுக்கு வெளியே ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன், ஏனென்றால் பழைய ஆட்களே இல்லாமல் இதைச் செய்ய முடியுமா என்ற கேள்விக்கு அதில் விடை இருக்கிறது. நியூயார்க்கின் புரூக்ளினில் 2001-ல் தொடங்கிய டாப்டோன் இசைத்தட்டு நிறுவனம். புஷ்விக் பகுதியில் ஒரு சாதாரண வீட்டை ஸ்டுடியோவாக்கி, கணினிக்குப் பதிலாக எட்டு டிராக் டேப்பில் பதிவு செய்தார்கள். டாப்-கிங்ஸ் என்ற அவர்கள் குழுதான் பிரிட்டிஷ் பாடகி ஆமி வைன்ஹவுஸின் 'பேக் டு பிளாக்' ஆல்பத்தில் பல பாட்டுகளுக்கு வாசித்தது. குழுவின் சொந்தப் பாடகி ஷரோன் ஜோன்ஸ் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் காவலராகவும் பணவண்டியில் ஆயுதக் காவலராகவும் வேலை பார்த்தவர். குள்ளம், குண்டு, அதிகக் கறுப்பு, வயதாகிவிட்டது என்று ஒரு பெரிய நிறுவனத்து ஆள் சொல்லித் தட்டிக்கழித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். முதல் ஆல்பம் வந்தபோது வயது 46. அதே நிறுவனத்தின் பாடகர் சார்ல்ஸ் பிராட்லி கதை இன்னும் மோசம்: பல ஆண்டுகள் புகழ்பெற்ற பாடகர் ஜேம்ஸ் பிரவுன் போல வேடம் போட்டுக் கிளப்புகளில் பாடியவர், முதல் ஆல்பம் 62 வயதில்.

இவர்களை விற்றது வானொலி இல்லை, டூர்தான். கச்சேரி தொடங்கும்போது முதலில் குழு மட்டும் வாசிக்கும். கிட்டார்காரர் பிங்கி கிரிப்டைட் மைக்கைப் பிடித்து, பாடகியின் பாட்டுப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி ஏற்றுவார். அரங்கம் சூடேறிய பிறகுதான் ஜோன்ஸ் ஓடி வருவார். புற்றுநோய் சிகிச்சையில் முடி கொட்டியபின் 2014-ல் விக் வைக்காமல் அப்படியே மேடையேறி ஆடினார். 2016-ல் அவரும் 2017-ல் பிராட்லியும் போய்ச் சேர்ந்தார்கள்.

குறையும் சொல்ல வேண்டும். இந்த மறுமலர்ச்சிக் கச்சேரிகளில் மேடையில் கறுப்பினக் கலைஞர்கள், கீழே பெரும்பாலும் நடுத்தர வயது வெள்ளையர்கள் என்ற காட்சி சகஜம். டிக்கெட் விலையும் ஏறிவிட்டது. அந்தக் காலத்தில் கூலிவேலை முடித்து வந்து ஆடியவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே அதிகம் தென்படுவதில்லை. பழையதை அச்சு அசலாக நகலெடுப்பதே குறிக்கோளானால் அது அருங்காட்சியகம். ஜோன்ஸுக்குத் தன் இசையை 'ரெட்ரோ' (பழைய பாணியின் நகல்) என்று சொன்னாலே கோபம் வரும், நியாயமான கோபம்.

சரி, எதிலிருந்து தொடங்குவது? ஜேம்ஸ் பிரவுன் 1962 அக்டோபர் 24 அன்று ஹார்லெமின் அபோல்லோ அரங்கில் பதிவு செய்த கச்சேரி. நிறுவன முதலாளி பணம் போட மறுத்ததால் சொந்தக்காசு 5,700 டாலர் போட்டு எடுத்தார். 66 வாரம் பில்போர்டு ஆல்பம் பட்டியலில் நின்றது. 'லாஸ்ட் சம்ஒன்' பாட்டைப் பத்து நிமிடத்துக்கு மேல் இழுக்கிறார். அந்த இடத்தில் கூட்டத்தின் கூச்சலைக் கவனியுங்கள், அதுவும் ஒரு வாத்தியம்தான். அடுத்து லாங்ஹேரின் குயின் மேரி கப்பல் பதிவு. அதன் பிறகு டாப்டோன் குழுவினர் எல்லோரும் 2014 டிசம்பரில் அதே அபோல்லோவில் மூன்று இரவு நடத்திய கச்சேரி; தட்டாக வந்தது 2021-ல், ஜோன்ஸும் பிராட்லியும் இருவருமே அதில் உண்டு. முதலாவதையும் கடைசியையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். அறிவிப்பாளர் பாட்டுப் பெயர்களை அடுக்குவதும், ஒவ்வொரு பெயருக்கும் ஹார்ன்கள் ஒரு வெட்டு வெட்டுவதும் முதலாவதில் எங்கே வருகிறது என்று குறித்துக்கொண்டால், டாப்டோன் ஆட்கள் எதைக் கற்றுக்கொண்டு வந்தார்கள் என்பது தானே பிடிபடும். நல்ல ஸ்பீக்கரில் போடுங்கள், மொபைல் ஸ்பீக்கரில் பேஸ் கிட்டார் கேட்கவே கேட்காது.